நாடியைக் கையால் பாருங்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் பேசாலைக்கு அனுப்பும் பார்சல்களில் இப்போது ஸ்மார்ட் கைக்கடிகாரமும் வருகிறது. ஓய்வுபெற்ற தாதியான என்னிடம் அதைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். “மிஸ்ஸி, எனக்கு 110 காட்டுது. இளந்தாரிக்குரிய நெஞ்சாம் எண்டு கனடாவில இருந்து மகன் சொல்றான்” என்றார் ஒரு சம்மாட்டி. இரத்தம் உறையாமலிருக்க வாபரின் குடிக்கிறவர். மணிக்கட்டைப் பிடித்தேன்: இரண்டு துடிப்பு நெருக்கி, அடுத்தது பிந்தி, ஒன்று விரலுக்கே எட்டாமல். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

அந்த 110தான் இதயத் துடிப்பு மாறுபாடு. துடிப்புகளுக்கிடையிலான நேரம் எவ்வளவு கூடிக் குறைகிறது என்பதன் மில்லிசெக்கன் கணக்கு. சுகதேகிக்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தளரும். வேகஸ் நரம்பின் வேலை அது. சுகதேகிக்கு இந்த எண் கூடுவது பெரும்பாலும் நல்லது. இந்த நோயிலோ மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை நடுங்குகின்றன. கீழறைக்குப் போகும் வழியிலுள்ள கணு அவற்றில் சிலதை மட்டும், அதுவும் முறையில்லாமல், விடுகிறது. இடைவெளி தாறுமாறாகிறது, எண் ஏறுகிறது. படகு எஞ்சின் இப்படி அடித்தால் அதே சம்மாட்டி படகைக் கடலில் இறக்கவே மாட்டார்.

இந்தத் தாறுமாறுக்குள்ளும் சேதி உண்டா என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்தான். அது ஆய்வுகூடத்துக்கு. நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைவதால் பாரிசவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. வாபரின் குடிப்பவர் பார்க்கவேண்டிய எண், இரத்தம் உறையப் பிடிக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர். அது பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். ஒரு கிழமை முருங்கையிலை வறையாகத் தின்றுவிட்டு மறுகிழமை தொடாவிட்டால் இந்த எண் ஆடும். சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கு, ஐஎன்ஆர் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகளும் பொருந்தாது. ஐஎன்ஆர் பார்க்கும் கிளினிக் நாளும் நல்ல மீன்பாடும் ஒன்றாய் வந்தால் கடல்தான் வெல்கிறது. எனக்குப் பயம் அதில்தான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வட மாகாணத்தில் வீடு வீடாகப் போய் இந்த நோயைத் தேடியிருக்கிறார்கள். நாமோ கிளினிக் வாசலுக்கு வருகிறவரின் கையைக்கூடத் தொடுவதில்லை. பிரஷர் மெஷினின் பட்டியைச் சுற்றினால் நாடிக் கணக்கும் திரையில் விழுகிறது. 78 என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். அந்த 78 தடுமாறி வந்ததா என்று யார் பார்ப்பது?

பிள்ளைகளே, ஈசிஜி எடுக்கும் கடிகாரமானால் அனுப்புங்கள். அந்தக் கோட்டை டொக்டரிடம் காட்டலாம். சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது இன்னும் மலிவானது: பேசாலையிலோ தலைமன்னாரிலோ பிரஷர் பார்க்க வரும் 65 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் முழுதாக ஒரு நிமிடம் கையால் நாடி. தடுமாறினால் அன்றைக்கே ஈசிஜி.