காலண்டர் தாளில் தாம்பூலப் பை



தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. ஆனாலும் கல்யாண மண்டப வாசலில் பிளாஸ்டிக் தாம்பூலப் பை நீட்டுகிறார்கள், மனசு ஆறவில்லை. வீட்டு விசேஷங்களுக்காவது பழைய மாதக் காலண்டர் தாளில் பை செய்யலாமே! அச்சு வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே இருக்கட்டும். வெற்றிலையில் மை படாது. ஒட்ட மைதாப் பசை போதும். தேங்காய் கனம் தாங்க வேண்டுமே! அடியில் அட்டை வையுங்கள். வாய்ப்புறத்தை மடித்து ஒட்டி, பசை நன்றாகக் காய்ந்த பிறகே துளையிட்டுச் சணல் கயிறு கோத்துவிடுங்கள். ஒற்றைத் தாளில் துளையிட்டால் கிழிந்துவிடும். ஜனவரியில் பழைய காலண்டர் கழிகிறது, தை முகூர்த்தங்களும் அப்போதுதான் தொடங்குகின்றன. பழைய பேப்பர் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்