மவுஸை யார் பிடிப்பது?

ஆபரேஷன் தியேட்டரில் சைகை காட்டி ஸ்கேன் படத்தை நகர்த்துவது பணக்கார ஊர் விளையாட்டாம். டெக்னீஷியன் மவுஸைத் தட்டினால் போதாதா என்கிறார் ஒரு கட்டுரையாளர்.

போதாது. கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே ஏந்தியபடி, "அடுத்தது... இன்னும் ஒண்ணு... ஐயோ, பின்னாடி போங்க" என்று கெஞ்சும் சர்ஜனை நினைத்துப் பாருங்கள். ஒரு சிடி ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் இருக்கலாம். தேடுவது எது என்று அவர் கண்ணுக்குத்தான் தெரியும். தானே மவுஸைத் தொட்டாலோ, கையுறை மாற்றாமல் நோயாளியிடம் திரும்ப முடியாது.

விளையாட்டு என்றது ஒருவகையில் சரி. டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் இதற்குக் கைகொடுத்தது கினெக்ட். 2010-இல் வீடியோ கேமுக்காக வந்த கேமரா! பணக்காரச் சாமான் என்றது மட்டும் பொய்.

நிஜச் சிக்கல் வேறு. எங்கள் லிங்கராஜபுரத்தில் டிராஃபிக் போலீஸ் கை தூக்கினால் வண்டி நிற்கும் (சில சமயம்). வியர்வை துடைக்கத் தூக்கினால் யாரும் நிற்பதில்லை. இந்த வித்தியாசம் கேமராவுக்கு எளிதில் பிடிபடாது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இந்தச் சைகை முறையைச் செய்துபார்த்தபோது குரல் கட்டளையையும் துணைக்குச் சேர்த்தார்கள். கட்டுரையாளர் இந்த இடத்தில் குத்தியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.