பல்லில் மாட்டினால் பந்து தூரம் போகுமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

கோல்ஃப் ஆடும்போது கீழ்ப்பல்லில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அச்சை மாட்டிக்கொண்டால் பந்து கூடுதல் தூரம் போகும், தோள்பட்டை இறுக்கம் குறையும், நிற்கிற நிலை சரியாகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்ம பள்ளியில் படித்துவிட்டு டெக்சாஸில் இருப்பவர் ஒருவர், பெங்களூரில் இருப்பவர் ஒருவர், துபாயில் இருக்கும் என் மருமகன் என்று மூன்று பேர் இதைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டார்கள். "சார், 500 டாலர் சொல்றாங்க, வாங்கலாமா?" என்கிறார் ஒருவர். கரிசல் காட்டில் கம்மம்புல்லுக்கு நடுவே வாழ்ந்த வாத்தியாரிடம் கோல்ஃப் பற்றிக் கேட்பதே ஒரு வேடிக்கை. நமக்குத் தெரிந்த கோல்ஃப் கிட்டிப்புள்தான். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், பதில் சொல்லியாக வேண்டும். நான் பல் டாக்டர் இல்லை, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கியவன். ஒரு செய்தி வந்தால் அதை எப்படிச் சோதிப்பது என்பதைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வழியிலேயே போகிறேன்.

முதலில் இதன் பிறப்பைப் பார்ப்போம். வாய்க்கவசம் குத்துச்சண்டைக்காரர்களுக்காக வந்தது. 1890 வாக்கில் லண்டனில் உல்ஃப் கிராஸ் என்ற பல் மருத்துவர், சண்டைக்கு இறங்குமுன் வீரர்களின் மேல்பல்லில் கட்டாபெர்ச்சா என்ற பிசினைப் பட்டையாக வைத்து விட்டார். உதடு பல்லில் பட்டுக் கிழியாமல் இருப்பதற்காக. கட்டாபெர்ச்சா என்பது மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டியாகும். இதில் ஒரு சுவாரஸ்யம் என்னவென்றால், 1848 வாக்கில் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்தையே இந்தப் பிசினில் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன்பு தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்த பந்து. விலை அதிகம், நனைந்தால் போச்சு. பிசின் பந்து வந்த பிறகுதான் கோல்ஃப் கொஞ்சம் சாதாரண மக்கள் பக்கம் வந்தது. கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையும் இதே பிசின்தான். இன்றைக்கும் வேர் சிகிச்சை செய்யும்போது பல்லுக்குள் அடைப்பது இதைத்தான். உங்களில் பலர் வாயில் இப்போதும் இருக்கும்!

அமெரிக்காவில் 1962ல் உயர்நிலைப் பள்ளிகளின் கால்பந்துக்கு (அவர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் கால்பந்து) வாய்க்கவசம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். அதன்பின் பிள்ளைகளின் வாய்க் காயம் வெகுவாகக் குறைந்தது. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடி விழும் இடத்தில் மெத்தை வைத்தால் அடி குறையும், அவ்வளவுதான்.

அடுத்த கதை 1970களில் தொடங்குகிறது. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னே தள்ளி, கீழே இறக்கி வைத்தால் கை கால் பலம் கூடும் என்று சில பல் மருத்துவர்கள் சொன்னார்கள். மாட்டிப் பார்த்த வீரர்கள், ஆமாம் பலம் கூடியது என்றார்கள். பிறகு வேறு சிலர் அதையே வேறு மாதிரி சோதித்தார்கள். உண்மையான அச்சு ஒன்று, பார்க்க அதே மாதிரி இருக்கும் ஆனால் தாடையை நகர்த்தாத பொய் அச்சு ஒன்று. எது எது என்று வீரனுக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. அப்படிச் செய்தபோது பெரும்பாலும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் வியாபாரம் மறையவில்லை. ஏறத்தாழ 2010ல் அண்டர் ஆர்மர் போன்ற பெரிய கம்பெனிகளே ஆட்டத்திறனைக் கூட்டும் வாய் அச்சு என்று கடைக்குக் கொண்டுவந்தார்கள். கோல்ஃப் ஆடுபவர்களை வைத்தும் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மட்டையின் வேகம் கொஞ்சம் கூடியது, ஒரே சீராக வந்தது என்று சிலவற்றில் வந்தது. ஆனால் விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்கள். வகுப்பில் எட்டுப் பேரை மட்டும் எடைபோட்டுவிட்டு மாவட்டத்துப் பிள்ளைகளின் எடை இதுதான் என்று எழுதினால் நான் மார்க் போட்டிருக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாடைக்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிணற்றில் கமலை இறைத்தவர்கள், பருத்தி மூடையைத் தோளில் ஏற்றியவர்கள் எல்லாருக்கும் தெரியும், பல்லைக் கடித்தால்தான் ஒரு மூச்சு பலம் வரும். அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பல்லைக் கடிக்கும் நேரத்தில் மற்றத் தசைகளும் சற்று வேகமாக முறுக்கேறுகின்றன. ஆனால் கடைக்காரர்கள் பேசுவதைக் கவனியுங்கள். ஒருவர் சொல்கிறார், எங்கள் அச்சைக் கடித்தால் பலம் வரும் என்று. இன்னொருவர் சொல்கிறார், எங்கள் அச்சு பல்லைக் கடிக்க விடாது, அதனால் இறுக்கம் போய்ப் பலம் வரும் என்று. கடித்தாலும் பலம், கடிக்காவிட்டாலும் பலம்! இரண்டுக்கும் விலை மட்டும் ஒன்றுபோல இருக்கிறது.

இந்த மாதிரி ஒன்று முன்பும் வந்து போனது. பவர் பேலன்ஸ் என்று ஒரு ரப்பர் காப்பு. கையில் போட்டால் உடம்பு தள்ளாடாது என்றார்கள். பெரிய பெரிய விளையாட்டு வீரர்கள் போட்டார்கள், நம் ஊர்ப் பையன்கள்கூட அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அதன் போலியை வாங்கி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 2010 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் ஆணையம் பிடித்துக் கேட்டதும், எங்கள் பேச்சுக்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று அந்தக் கம்பெனி அங்கே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. வாய் அச்சும் அதே ரகம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொருளைப் போட்டுக்கொண்ட தைரியத்தில் நன்றாக ஆடுவது வேறு, அந்தப் பொருளே ஆடவைப்பது வேறு.

கோல்ஃப் மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. தேர்ந்தவர்கள் கையில் மட்டையின் தலை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்தக் கால் நொடிக்குள் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு எல்லாம் வரிசை மாறாமல் திரும்ப வேண்டும். இது எப்படி வரும்? 1991ல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்ற அலி ஷேர், அடுத்தவர் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். 2009ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் கேடியாக இருந்தவர்தான். முதலாளி அடிப்பதைத் தினமும் நின்று பார்த்துப் பார்த்து, கிடைத்த மட்டையால் அடித்து அடித்துப் படித்தவர்கள். 500 டாலருக்கு ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சில வகுப்பு போகலாம் என்பது என் கணக்கு.

அப்படியும் ஆசை விடவில்லை என்றால், தம்பி, காசு கொடுக்குமுன் சோதித்துப் பார். மலிவான சாதாரண அச்சு ஒன்றும் அந்த விலை உயர்ந்த அச்சு ஒன்றும் கடனாக வாங்கு. எதை எப்போது போடுவது என்று சீட்டுக் குலுக்கி உன் வீட்டம்மா எடுத்துத் தரட்டும். ஒவ்வொன்றுக்கும் முப்பது பந்து அடி. தூரத்தை நீ குறிக்காதே, வேறொருவர் குறிக்கட்டும். ஒரே நாளில் வேண்டாம், மூன்று நாள் செய். அப்புறம் சராசரி எடு. ஐந்தாம் வகுப்பில் போட்ட சராசரிக் கணக்கு இதற்குப் போதும். தூக்கத்தில் பல் அரைக்கும் பழக்கமோ தாடை வலியோ உள்ளவர்கள் மட்டும் இந்த விளையாட்டுக் கடைக்கே போகாமல் நேராகப் பல் டாக்டரிடம் போக வேண்டும். தாடையைக் கண்டபடி முன்னே தள்ளி வைத்தால் கடி மாறிப்போகவும் கூடும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. கோல்ஃபில் யாரும் யார் வாயிலும் முட்டுவதில்லை. முட்டிக்கொள்வது நம் பிள்ளைகள்தான்.

அப்போது எங்கள் ஊர்ப் பொங்கல் கபடியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு முன்பல் இரண்டு விழுந்தது. பிடிக்கப் போனவனின் முழங்கை. மறுநாள்தான் எனக்குத் தெரியும். பல்லைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியில் முடிந்து, அப்பா சட்டைப் பையில் வைத்து, விடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பாட்டி ஒருவர் சாணியில் உருட்டிக் கூரையில் எறியச் சொன்னாராம், முளைக்கும் என்று. பால்பல்லுக்குச் செய்கிற சடங்கு அது. முன்பல் ஆறு வயதிலிருந்து எட்டு வயதுக்குள் மாறிவிடும். ஏழாம் வகுப்புப் பையனுக்கு விழுந்தது ஆயுசுக்கும் உள்ள பல். அந்தப் பையன் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இன்னும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிக்கிறான்.

ஆகவே இதை மனப்பாடம் செய்யுங்கள். நிலைத்த பல் வேரோடு விழுந்தால் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது, தேய்க்கவே கூடாது. வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தசைதான் பல்லை மறுபடி பிடிக்க வைக்கும் உயிர். மண் இருந்தால் ஒரு தடவை லேசாக அலசிவிட்டு, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போடுங்கள். டீக்கடையில் கொதிக்கிற பால் இல்லை, பாக்கெட்டை உடைத்த குளிர்ந்த பால். பச்சைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், காயவும் விடாதீர்கள். அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டர் கையில் இருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் காய்ந்து கிடந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. நம் ஊர் அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிறது. வண்டி இருந்தால் எந்தப் பக்கம் போனாலும் நேரம் இருக்கிறது. பால்பல் விழுந்தால் மட்டும் திரும்ப வைக்கக் கூடாது.

ஹாக்கியிலும் இதே கதைதான். 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஜெர்மன் கோல்கீப்பர் மோதி தியான்சந்துக்கே பல் போனது. முதலுதவி முடித்துத் திரும்பி வந்து ஆடினார், இந்தியா 8-1 என்று ஜெயித்தது. நாம் வீரத்தைச் சொல்கிறோம், பல் போனதைச் சொல்வதில்லை. பக்கத்தில் கோவில்பட்டியில் ஹாக்கிதான் உயிர். அங்கே கம்பைத் தூக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அவர்கள் வாய்க்குத்தான் போகிறது. சிலம்பத்துக்கும் இதையே சொல்வேன்.

வெந்நீரில் போட்டு இளக்கி, வாயில் வைத்துக் கடித்து அளவெடுக்கும் வாய்க்கவசம் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேல்பல் முழுவதையும் மூடும். இங்கேதான் வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஆட்டத்திறன் அச்சு பெரும்பாலும் கீழ்ப்பல்லில் மெலிதாக உட்காருவது, அடியைத் தாங்க அல்ல. அதை வாங்கி ஊருக்கு அனுப்பி, "கபடிக்குப் போட்டுக்கோடா" என்று சொல்லிவிடாதீர்கள்.

பையன்கள் சொல்கிற ஒரு மறுப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. "சார், வாயில இத வச்சுக்கிட்டுப் பாட முடியலை." கபடியில் பாட்டு விட்டால் ஆள் அவுட். தடிமனான கவசம் போட்டால் கபடி கபடி என்பது கமடி கமடி என்று வரும், நடுவர் விசிலை எடுத்துவிடுவார். பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்தால் மெலிதாக, பேச வசதியாக இருக்கும், விலைதான் பல மடங்கு. என் யோசனை, பிடிக்கிற பையன்கள் வெந்நீர்க் கவசத்தைப் போடட்டும். பாடிப் போகிறவன் பயிற்சியின்போது போட்டுப் பழகட்டும், போட்டியில் அவனுக்குக் கட்டாயம் வேண்டாம். பிடிக்கும்போதுதான் தலையும் முழங்காலும் அதிகம் மோதுகிறது.

வருகிற தைப்பொங்கலுக்கு நான்கு அணி என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அணிக்கு 12 பேர், ஆக 48 பேர். ஆளுக்கு 300 என்றால் 14,400 ரூபாய். பெயர்ப் பலகை, மாலை, மேடையில் துண்டு எதுவும் கிடையாது. பல் மருத்துவம் படித்த நம் மாணவிகள் இருவர் இருக்கிறார்கள். அளவெடுக்கிற அன்றைக்கு அரை நாள் வந்து நின்றால் பையன்கள் சரியாகக் கடிப்பார்கள். வர முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், அல்லது வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் நான் திண்ணையில்தான் இருப்பேன். கோப்பைக்கும் சுழற்கேடயத்துக்கும் முன்பாக இதை வாங்கச் சொல்லி விழாக் குழுவிடம் பேசிவிட்டேன். பந்தலில் ஒரு ஐஸ் பெட்டியும் அதில் இரண்டு பால் பாக்கெட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அதை எடுத்து யாரும் டீ போட்டுவிட வேண்டாம்.