ஊர்ல பேரு இருக்கா, அண்ணாச்சி?

மும்பையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பேச்சு ஊருக்குப் போகாமல் இருக்காது. தமிழ்நாட்டில் எஸ்.ஐ.ஆர். எனப்படும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது அந்தப் பேச்சு, “ஊர்ல பேரு இருக்கா, அண்ணாச்சி?” என்ற கேள்வியாகச் சுருங்கியது. 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களைவிட இடம் மாறியவர்களும் முகவரியில் இல்லாதவர்களுமே அதிகம். அதாவது, நம்மைப் போன்றவர்கள்.

ஊர் ஓட்டு போனது அநியாயம் என்று பொங்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஒருவருக்கு இரண்டு தொகுதியில் பெயர் கூடாது. ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வாக்குரிமை வராது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இரண்டையும் தெளிவாகவே சொல்கிறது.

என் கோபம் வேறு. பட்டியலில் உள்ள பெயரை நீக்கும் முன் உரியவரைக் கேட்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு. தீவிரத் திருத்தத்திலோ, படிவம் திரும்பி வராதவரின் பெயர் வரைவிலேயே ஏறுவதில்லை. பிறகு அலைய வேண்டியது அவர்தான். சட்டத்தைத் திருத்துவதானால் இந்த ஓட்டையை முதலில் அடைக்கட்டும்.

புலம்பெயர்ந்தவர் இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஓர் இயந்திரத்தை 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் முன்வைத்தது. எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. ஆறு மாதம் வேலைக்கு வந்து திரும்புகிறவருக்கு அது உதவலாம். இங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு எதற்கு? நம் தண்ணீரும் சாக்கடையும் வீடும் இங்கேதானே முடிவாகின்றன?

வீடு என்றதும் தாராவிக்காரர்களுக்குப் புரியும். 1995 ஜனவரி 1-ஆம் தேதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் குடிசைக்கு மாற்று வீடு என்ற காலம் ஒன்று இருந்தது. பிறகு அந்தத் தேதி 2000-க்கு நகர்ந்தது. ஓட்டை ஊரில் வைத்துவிட்டு இங்கே வாழ்ந்தவர்களிடம் அந்தச் சான்று இல்லை.

கிங்ஸ் சர்க்கிள், தாராவி, செம்பூர் எல்லாம் மும்பை தென் மத்தித் தொகுதிக்குள் வருகின்றன. இத்தனை தமிழர்கள் ஒரே தொகுதியில் இருந்தும் பாதிப் பேர் ஓட்டை ஊரில் விட்டுவைத்தால் நம் குரலை யார் மதிப்பார்கள்? ஊர்ப் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றுங்கள். நீங்கிவிட்டதென்றால் படிவம் 6. அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.