உச்சக் குரலுக்கு மட்டும்தான் கைத்தட்டலா?



பாட்டுப் போட்டியில் நாம் யாருக்குப் பலமாகக் கை தட்டுகிறோம்? குரலை யார் மிக உயரத்துக்குக் கொண்டு போகிறாரோ, அவருக்குத்தானே! இது சரியா என்று எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். அதைத் தீர்த்து வைத்தது ஓர் ஓபரா.

ஓபரா என்பது ஐரோப்பிய இசை நாடகம். அரசனும் சேவகனும் தங்கள் மனத்தில் உள்ளதைப் பாட்டாகவே பாடுவார்கள். வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அமர்ந்து வாசிப்பார்கள். வழக்கமாகப் பாடுபவர்களுக்கு மைக் கிடையாது! அத்தனை வாத்தியங்களையும் தாண்டி, அவர்களின் குரல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும்.

நான் சொல்லும் ஓபராவின் பெயர் ‘மாயப் புல்லாங்குழல்’. இசையமைத்தவர் மொசார்ட். 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னா நகரில் முதன்முதலாக அரங்கேறியது. அதே ஆண்டு டிசம்பர் 5-ல், 35 வயதிலேயே மொசார்ட் இறந்து போனார்.

இதில் பாப்பகேனோ என்று ஒரு பறவை பிடிப்பவன் வருகிறான். பாம்பைக் கொன்றது நான்தான் என்று பொய் சொன்னதால் அவன் வாய்க்குப் பூட்டுப் போட்டு விடுகிறார்கள். பாவம், என்ன செய்வான்? ‘ம்... ம்... ம்...’ என்றே பாடுகிறான்! அதில் சொல்லே இல்லை. ஆனாலும் அவன் கெஞ்சுவது, ஜெர்மன் மொழி தெரியாதவருக்கும் புரிந்து விடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். இரவின் ராணி தன் மகள் பமீனாவிடம் கத்தியைக் கொடுத்து, சராஸ்ட்ரோ என்பவரைக் கொல்லச் சொல்கிறாள். மறுத்தால் நீ என் மகளே இல்லை என்கிறாள். அந்தக் கோபத்தில் அவள் குரல் தாவித் தாவி உச்சிக்குப் போகும். பாடுவது மிகக் கடினம். அரங்கமே அதிரும்படி கைத்தட்டல் எழும். நல்ல பாடகி பாடினால் ஒவ்வொரு ஒலியும் தேள் கொட்டுவதுபோல இருக்கும். சிலர் பாடும்போதோ உயரம் மட்டுமே தெரியும்; கோபத்தைக் காணோம்!

பிறகு மகளின் முறை. பமீனாவை நேசிக்கும் தமீனோ, ஒரு சோதனைக்காகப் பேசக் கூடாது என்று கட்டுப்பட்டிருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது. அவள் பேசுகிறாள், அவன் விலகிப் போகச் சைகை காட்டுகிறான். பாப்பகேனோவைக் கேட்டால் அவன் வாய் நிறையச் சாப்பாடு! தன்னை எல்லோரும் கைவிட்டதாக நினைத்து அவள் பாடுகிறாள். பாட்டு மெதுவாகப் போகிறது. வாத்தியங்கள் தயங்கித் தயங்கி ஒலிக்கின்றன. அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. மூச்சை அடக்கி, ஒரே சொல்லை நீட்டிப் பாடும்போது கேட்பவர் தொண்டை அடைத்துக் கொள்ளும்.

தாவிப் பாடுவதைவிட இப்படி நிதானமாகப் பாடுவது எளிது என்று நினைக்காதீர்கள். இங்கே ஒளிந்துகொள்ள இடமே இல்லை. குரல் சிறிது நடுங்கினாலும் தெரிந்துவிடும்.

மொழி புரியாதே என்கிறீர்களா? 1983-ல் கனடாவின் டொரன்டோ நகரில், மேடைக்கு மேலே பாட்டின் பொருளை எழுத்தில் காட்டும் முறை வந்தது. இப்போது பல அரங்குகளில் அது உண்டு. ஆனால் முன்பே கதையைப் படித்துவிட்டுப் போவதுதான் நல்லது. எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தை எப்போது பார்ப்பது?

இந்த இரண்டு பாட்டுகளையும் கேட்க வாய்ப்புக் கிடைத்தால், முதலில் தாயைக் கேளுங்கள். அடுத்து மகளைக் கேளுங்கள். பரிசு யாருக்கு என்று வீட்டில் வாதாடுங்கள். என் ஓட்டு பமீனாவுக்கே!