ராக்குல சாதி எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு...

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பத்திப் பேச்செடுத்தாலே நம்ம சேலத்து நண்பர்கள் கேக்கற கேள்வி: "ராக் பேண்டுக்கு எதுக்குய்யா சாதி? பாட்ட மட்டும் பாடிட்டுப் போக வேண்டியதுதானே?"

பாப் மார்லி அரசியல் பாடினா டி-ஷர்ட்ல படம் போட்டுக்குவாங்க. உள்ளூர்க்காரன் பாடினா மட்டும் இசை கெட்டுப் போயிடுமாம். நல்லா இருக்குங்க உங்க நியாயம்!

பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பேரு, அயோத்திதாசர் வழியில் வந்த 'சாதியற்ற தமிழர்'. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 2020-ல் குழுவின் கானா பாடகி இசைவாணி பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில். மைல்கல்னு எல்லாரும் இதைத்தான் எழுதறாங்க.

எனக்கு மைல்கல் வேற. கிடாருக்குப் பக்கத்துல பறை சமமா நின்னுச்சே, அது! எங்க பக்கம் பறையை எழவு வீட்டுக்குத்தான் கூப்பிடுவாங்க. கூலி உண்டு. வாசலைத் தாண்ட விடமாட்டாங்க.

ஓமலூர் கோகுல்ராஜ் ஞாபகம் இருக்கா? 2015 ஜூன்ல வேற சாதித் தோழியோட திருச்செங்கோடு கோயிலுக்குப் போன பையன். பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்துல பிணமாக் கிடந்தான். கொன்னவங்களுக்கு ஆயுள் தண்டனை வர 2022 ஆச்சு.

பாட்டு பிடிக்கலையா, சுருதி சரியில்லைன்னு தாராளமாத் திட்டுங்க. ஆனா இந்த மண்ணுல இருந்துக்கிட்டு பாட்டுல எதுக்கு சாதின்னு கேக்காதீங்க சாமிகளா. கோயில்ல எதுக்குன்னு முதல்ல கேளுங்க.