நீதிபதியின் தராசில் எது எடை?

நீதிமன்றச் செய்திகளில் கடைசிப் பத்தியைக் கவனித்திருக்கிறீர்களா? "தம் கட்சிக்காரருக்கு வயதான பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகத் தற்காப்பு வழக்கறிஞர் சொன்னார்" என்பதுபோல ஒரு வரி இருக்கும். வீட்டார் மலைபோல் நம்பியிருப்பது அந்த வரியைத்தான்.

சிங்கப்பூரில் அதற்கு எடை மிகக் குறைவு. ஒருவர் சிறைக்குப் போனால் குடும்பம் தவிக்கும் என்பது ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும். நிலைமை மிக அசாதாரணமாக இருந்தாலொழிய நீதிமன்றம் அதற்காகத் தண்டனையைக் குறைப்பதில்லை. கேட்கக் கடுமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் பிள்ளைகள் இல்லாதவருக்கு மட்டும் கூடுதல் சிறை என்றால் அதுவும் நியாயமில்லையே.

"குடிபோதையில் நிதானம் தவறிட்டாரு." நம் பேச்சில் இது சமாதானம். நீதிமன்றத்திலோ தண்டனையைக் கூட்டவும் செய்யலாம். அடிவாங்கியவர் பணியிலிருந்த டாக்சி ஓட்டுநரோ பேருந்து ஓட்டுநரோ என்றால், பொதுவாக அபராதத்தோடு முடியாது, சிறைதான். இல்லப் பணிப்பெண்ணைத் துன்புறுத்தும் முதலாளிக்கு, 2020 முதல், அதிகபட்சத் தண்டனையைப்போல் இரண்டு மடங்குவரை விதிக்கலாம். அடித்தவரின் வீட்டிலேயே படுத்து எழவேண்டியவர் அல்லவா அவர்!

சரி, எதுதான் குறைக்கும்? சீக்கிரம் ஒப்புக்கொள்வது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள வழிகாட்டிக் குறிப்புகளின்படி, தொடக்கக் கட்டத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் 30 விழுக்காடுவரை குறையலாம். தள்ளிப்போடப் போட அது 20, 10 என்று இறங்கி, விசாரணை தொடங்கிய பிறகு 5 விழுக்காடுதான். 10 மாதச் சிறை 7 மாதமாகலாம். பாதிக்கப்பட்டவர் சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி சொல்லத் தேவையில்லாமல் போகிறதே, அது பெரிய விஷயம்.

எடுத்த பணத்தைத் தாமாகத் திருப்பிக் கொடுப்பதும் உதவும். மனநோய் என்றால், நோய் இருக்கிறது என்ற சான்று மட்டும் போதாது. குற்றத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ அறிக்கை விளக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. குற்றம் செய்யாத ஒருவர், 30 விழுக்காட்டை நினைத்துப் பயந்து தலையாட்டிவிட்டால்? முடிவெடுக்கும் முன் வழக்கறிஞரைப் பார்த்தே ஆகவேண்டிய இடம் இது. வசதி குறைந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தின் உதவியைக் கேட்கலாம். அந்த உதவியையும் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.